மாமியார் மூலை எங்கே?

திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்த அலுவலகம் அது. கதவில் அவளுக்குக் கண்ணியமான ஒரு பதவிப் பெயர் ஒட்டியிருந்தது. மாடியில் வேலை பார்த்த நாற்பது பேரில் ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவள் திட்டக்காதான். ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது யாராவது புது ஆள் மரியாதையாகப் பதவிப் பெயரைச் சொன்னால், யாரைச் சொல்கிறார் என்று அவளே திரும்பிப் பார்க்கிறாள்.

அவர்கள் செய்தது ஒரு கணினி விளையாட்டு. பெயர் ‘கூட்டாளி’. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். பாழடைந்த துறைமுகம் ஒன்றில் ஒருவரையொருவர் தேடிச் சுட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் அணி சேர்ந்து ஆடுவார்கள். நான்கு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்ததைப் போன வாரம்தான் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் கூட்டம் அலைமோதியது. மறுநாள் பாதியானது. அதற்கு மறுநாள் பாதியிலும் பாதி. இப்போது ஓர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் சேர்வதற்குள் கொட்டாவி வந்துவிடுகிறது.

ஆடியவர்கள் எழுதும் கருத்துகளை ஒன்று விடாமல் படித்துப் பிரித்துவைப்பது திட்டக்காவின் வேலை. திரையில் ஐந்து கூடைகள் வைத்திருந்தாள்: திட்டு, புலம்பல், நக்கல், பாராட்டு, கடைசியாக ‘போயிட்டு வரேன்’. மற்றவர்கள் திட்டுக் கூடையைப் பார்த்துத்தான் நடுங்கினார்கள். அவளுக்கு அதில் பயமே கிடையாது. திட்டுகிறவன் பங்காளி மாதிரி. வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு மறுநாள் சாப்பிட வந்து உட்காருவான். கடைசிக் கூடைக்குத்தான் பயப்படுவாள். அதில் விழுகிறவர்களுக்குக் கோபமே இருக்காது. ‘பரவால்ல, நமக்கு ஒத்துவரல’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்புவார்கள். அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கூடை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது.

திட்டுகிறவர்களில் அவளுக்குப் பிடித்தமான ஒருவரும் உண்டு. ‘ஒத்தக்கை’ என்ற பெயரில் எழுதுவார். ஆணோ பெண்ணோ, என்ன வயதோ, தெரியாது. விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து காலையில் பல் விளக்குவது போல ஒரு திட்டு. இரண்டாம் நாள் எழுதியது இது: “தண்ணித் தொட்டிக்கிட்ட ரெண்டு பேரு நிக்கறான். கூட ஆடறவனுக்கு எப்படிச் சொல்றது? அங்க வா, இங்க வான்னா அவன் எங்கன்னு வருவான்? அவனவன் தனித்தனியா செத்துட்டிருக்கோம். இதுக்குப் பேரு கூட்டாளியா?” சிரித்துக்கொண்டே அதைத் திட்டுக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தாள்.

அன்று மூன்று மணிக்குச் சம்பந்தி வருவதாக இருந்தது. பணம் போட்ட நிறுவனத்தின் அம்மாளுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. வந்தால் எழுந்து நிற்க வேண்டும், என்ன சொன்னாலும் சிரிக்க வேண்டும், எந்த நிமிடம் முறுக்கிக்கொள்வார் என்று சொல்ல முடியாது. வேறு என்ன பெயர் வைப்பது. விளையாட்டைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார். மூடினால் நாற்பது பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த நாற்பதில் ஒருவன் திட்டக்காவின் கூடப்பிறந்த தம்பி.

துறைமுகத்தைக் கல் கல்லாக வரைந்தவன் அவன். இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்காக வந்தவன். நான்கு வருடமாகச் சோற்றுத் தட்டின் முன்னாலும் அந்தத் துறைமுகத்தைப் பற்றியே பேசினான். “உன் துறைமுகத்துக்குக் கப்பல் எப்படா வரும்” என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இது மூழ்கினால் தம்பியும் சேர்ந்து மூழ்குவான் என்று அக்காவுக்குத் தெரியும். சின்ன வயதில் கேரம் ஆட்டத்தில் தோற்றதற்கே இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்த பிறவி.

காலையில் கேப்டன் வந்து அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலுவலகத்தைத் தொடங்கியவர், ஆடும்போது கூரை அதிரக் கட்டளை போடுவார் என்பதால் அந்தப் பெயர். நேற்றைய சட்டையையே போட்டிருந்தார்.

“திட்டக்கா, அந்தம்மாவுக்கு நீங்கதான் படிச்சுக் காட்டப்போறீங்க. பாராட்டை முதல்ல வைங்க.”

“பாராட்டுக்கு நான் எங்க போவேன்?”

“நேத்துலேருந்து நிறைய வருது, பாருங்க. திட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.”

“குறைச்சுக்கறதுன்னா?”

“பொய் சொல்லச் சொல்லல. வரிசையை மாத்தச் சொல்றேன், அவ்வளவுதான்.”

அவர் போனதும் திறந்து பார்த்தாள். உண்மைதான். இரவோடு இரவாக வந்து பிரிக்காமல் கிடந்தவற்றில், காற்று வாங்கிக்கொண்டிருந்த பாராட்டுக் கூடையை நிறைக்கும் அளவுக்குப் பாராட்டு இருந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுகூட நினைத்தாள். முதல் கருத்தைத் திறந்தாள்: “அருமையான விளையாட்டு. மாமியார் மூலையில் பதுங்கி நின்று சுடும் சுகமே தனி.” தேநீர்க் கோப்பையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

துறைமுகத்தின் வடக்கில் உடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் நின்றால் யார் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அத்தனையும் தெரியும். நிற்பவரை ஒருவருக்கும் தெரியாது. அதற்கு மாமியார் மூலை என்று பெயர் வைத்தவன் தம்பி. கல்யாணமான புதிதில் வைத்தான். ஏன் வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து ஆடுவார்கள். “மாமியார் மூலைல ரெண்டு பேரு” என்று ஒருவர் கத்தினால் மூன்று பேர் ஓடுவார்கள். யாரைத் தவிர்க்க நினைக்கிறோமோ அவரே எதிரில் வந்து நிற்கும் படிக்கட்டுக்குக் கடன்காரன் படி என்று பெயர். செங்கல் பெயர்ந்து கிடக்கும் சந்துக்குப் பொக்கைவாய்ச் சந்து. இதெல்லாம் மாடிக்குள் புழங்கிய பேச்சு. கடைக்குப் போன விளையாட்டில் அந்த இடங்களுக்குப் பெயரே கிடையாது. வெறும் தொட்டி, வெறும் படி, வெறும் சந்து.

அப்படியானால் எழுதியது வெளி ஆள் இல்லை.

அடுத்ததைத் திறந்தாள். “கடன்காரன் படியில் நடக்கும் சண்டைக்கே காசு சரியாகப் போயிற்று.” அதற்கடுத்தது: “பொக்கைவாய்ச் சந்து பிரமாதம், வரைந்தவர் கையில் முத்தமிட வேண்டும்.” ஆளுக்கொரு புனைபெயர். ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயர் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.  இதை வெளியில் யாராவது கண்டுபிடித்தால்?

கண்டுபிடித்தாயிற்று. ஆடுகிறவர்கள் கூடிப் பேசுவதற்கென்று அலுவலகமே நடத்திய இணையப் பலகையில் ஒத்தக்கை ஒரு கேள்வி போட்டிருந்தார். “ஆளாளுக்கு மாமியார் மூலைங்கறீங்களே, அது எங்கேப்பா இருக்கு? துறைமுகத்தை முழுக்கச் சுத்திட்டேன், அப்படி ஒரு இடமே இல்ல.” கீழே ஒருவர்: “எனக்கும் தெரியல.” அதற்குக் கீழே இன்னொருவர்: “கடன்காரன் படியும் இல்ல. எழுதினது கம்பெனி ஆளுங்களா இருக்குமோ?” அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

அவள் எழுந்துபோய்த் தம்பியின் நாற்காலியைத் தட்டினாள். மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். கதவு மூடியதும் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது யாரு எழுதினது?”

அவன் படித்தான். காது மடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லும்போது அவனுக்கு அப்படித்தான் ஆகும்; உண்மை சொல்லப் போகும்போதும் அப்படித்தான் ஆகும்.

“ஒண்ணே ஒண்ணுதான்க்கா எழுதினேன்.”

“ஒண்ணா? பதினெட்டு இருக்குடா.”

“சத்தியமா ஒண்ணுதான். அந்த முதல் ஒண்ணு.” அவன் அவள் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். “மத்ததெல்லாம் யாரு?”

“என்னைக் கேட்டா? வாயில வர்ற பேரையெல்லாம் அப்படியே எழுதி வெச்சிருக்கீங்களே, கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? வெளில இருக்கறவனுக்கு இந்தப் பேரெல்லாம் எப்படித் தெரியும்?”

“எழுதறப்ப அது தோணவே இல்லக்கா. அந்த இடத்துக்கு வேற பேரு இருக்கறதாவே எனக்கு ஞாபகம் இல்ல.”

அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. கோபம் இன்னும் கூடியது.

“இப்ப என்ன பண்ணப்போற?” என்று அவன் கேட்டான். “அந்தம்மாகிட்ட சொல்லப்போறியா?”

“கேட்டா என்ன சொல்றது?”

“தெரியலன்னு சொல்லேன். உன்னை யாரு சந்தேகப்படப்போறா? நாலு வருஷம்க்கா. நாலு வருஷம் போட்டதை நீயே உன் வாயால கவுத்துடாத.” “நீ எனக்கு அக்காவா, இல்ல அவங்க வெச்ச ஆளா?”

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கேள்வியின் கீழே ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். சிலர் நக்கலாக, சிலர் நிஜமாகவே வயிறெரிந்து. இரண்டரை மணிக்குக் கேப்டன் மறுபடி வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். அவருக்கும் சேதி எட்டிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அதைத் தூக்கிடுங்க” என்றார் மெதுவாக. எப்போதும் கத்துகிறவர் மெதுவாகப் பேசினால் கேட்பதற்குப் பயமாக இருக்கும்.

“ஒண்ணைத் தூக்கினா பத்து முளைக்கும் கேப்டன்.”

“நாளைக்கு நூறு முளைக்கட்டும். எனக்கு இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் போதும். நாற்பது குடும்பம் இருக்கு திட்டக்கா.”

“தெரியும். அதுல ஒண்ணு எங்க அம்மா வீடு.”

“அப்புறம் என்ன யோசனை? ஒரு பொத்தான்தானே.”

ஒரு பொத்தான்தான். கணினிச் சுண்டெலியின் அம்பு அதன் மேல்தான் நின்றது. திட்டக்கா அழுத்தவில்லை, கையை எடுக்கவும் இல்லை. ஒத்தக்கை எழுதிய அத்தனை திட்டையும் அவள் படித்திருக்கிறாள். ஒன்றில்கூட அந்த ஆள் பொய் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் நேராக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதைக் குப்பையில் போட்டால் இந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து என்ன பிரயோசனம் என்று தோன்றியது. “எனக்குக் கை வரல” என்றாள். கேப்டன் குனிந்து சுண்டெலியைத் தானே பிடித்தார். அவர் விரல் பொத்தானைத் தொடுவதற்குள் மின்தூக்கியின் மணி அடித்தது. அரை மணி முன்னதாகவே சம்பந்தி வந்துவிட்டார். கேப்டன் கையை உதறிக்கொண்டு சிரித்த முகத்தோடு வாசலுக்கு ஓடினார்.

சின்ன உருவம்; தோளில் சால்வை. கண்ணாடி அறைக்குள் வந்ததும் குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. கேப்டன் ஒரு பக்கமும் திட்டக்கா எதிர்ப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மற்றவர்கள் வேலை பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி நடிக்கக்கூட இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“படிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் சம்பந்தி அம்மாள். “வர்ற வழியில வண்டியில உக்காந்து உங்க பலகையைப் பார்த்துட்டு வந்தேன். ஒருத்தர் கேட்டிருக்கார். அதையேதான் நானும் கேக்கறேன். மாமியார் மூலை எங்க இருக்கு?”

கேப்டன் முந்திக்கொண்டார். “அது வந்து மேடம், பழைய பதிப்புல அப்படி ஒரு இடம் இருந்தது. அதை ஆடினவங்க யாராவது...”

“பழைய பதிப்பு வெளிய போகவே இல்லையே.” அவர் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. எல்லாத்தையும் படிக்கறது நீங்கதானே?”

 கண்ணாடிக்கு அப்பால் தம்பி தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தான். வேண்டாம் என்கிறான். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதுவும் சரிதான். ஆனால் வாயைத் திறந்தால் அந்தச் சொல் வரவில்லை.

“இந்த மாடியில இருக்கு மேடம்” என்றாள். “இங்க இருக்கறவங்களைத் தவிர வேற யாருக்கும் தெரியாது.”

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தி அம்மாள் எழுந்து கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். நாற்காலி போதாமல் சுவரோரமும் கதவருகிலும் நின்றார்கள்.

“யாரு எழுதினதுன்னு கேக்கப்போறேன். எழுதினவங்க கையைத் தூக்கினா போதும்.”

தம்பி முதலில் தூக்கினான். அக்காவைப் பார்க்காமல் தூக்கினான். கொஞ்ச நேரம் ஒற்றைக் கைதான் நின்றது. பிறகு ஒலி வேலை பார்க்கும் பெண் தூக்கினாள். அவளுக்கு அங்கே சத்தம் என்று பெயர். வாயைத் திறந்து பேசவே மாட்டாள் என்பதால் வைத்தது. அடுத்து இரண்டு பேர். அப்புறம் கணக்குப் பார்ப்பவர். தம்பி திரும்பிப் பார்த்து, “நீங்களுமா?” என்றான். எல்லோரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு, தான் ஒருவர்தான் இந்தக் காரியத்தைச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருந்தார்கள். சேர்ந்து ஆடும் விளையாட்டைச் செய்தவர்கள் பொய்யைக்கூடச் சேர்ந்து சொல்லவில்லை. கடைசியாக, பதினேழாவதாக, கேப்டனின் கை மேலே போனது. அவர் இரண்டு கருத்து எழுதியிருந்தார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சம்பந்தி அம்மாள் தன் பையை மேசை மேல் எடுத்து வைத்தார். கிளம்பப் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றாள் திட்டக்கா. அவளுக்கே தெரியாமல் எழுந்து நின்றிருந்தாள். ஒத்தக்கை இரண்டாம் நாள் எழுதியது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது. அதைத் தேடி எடுத்து அப்படியே படித்தாள். “அங்க வா, இங்க வான்னா அவன் எங்கன்னு வருவான்?” “இதைத் திட்டுன்னு நினைச்சுத் தள்ளிவிட்டது என் தப்பு. இவங்க பொய்யா எழுதினாங்க, வாஸ்தவம். ஆனா இங்க ஆடறப்ப நிஜமாவே நல்லாத்தான் இருக்கு. ஏன்னா இங்க எல்லா இடத்துக்கும் ஒரு பேரு இருக்கு. ஒருத்தர் கத்தினா நாலு பேரு ஓடுவாங்க. விளையாட்டைக் கடைக்கு அனுப்பினோம், பேரையெல்லாம் இங்கேயே வெச்சுக்கிட்டோம். வாங்கினவங்க ஊமையா ஆடறாங்க.”

“அப்படியெல்லாம் இல்ல” என்றான் தம்பி. எல்லோர் எதிரிலும் அக்காவை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. “வாயே திறக்காம ஆடினாலும் என் துறைமுகம் நல்லாத்தான் இருக்கும்.”

சம்பந்தி அம்மாள் அவன் பக்கம் திரும்பினார். பையைக் கீழே வைத்தார். “அப்போ ஆடுங்க. நான் பாக்கறேன்.”

ஐந்து பேர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி ஆளுக்கோர் அறை. வாயைத் திறக்கக் கூடாது. எதிரே இணையத்தில் கிடைக்கும் முகம் தெரியாதவர்கள். கேப்டன் தன் அறையில், சத்தம் என்கிற பெண் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில், தம்பி கணக்காளரின் சின்ன அறையில். திட்டக்காவும் சம்பந்தி அம்மாளும் அவன் பின்னால் நின்றுகொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் தம்பி பழக்க தோஷத்தில் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் ஓடினான். பதுங்கினான். படியில் இரண்டு பேர் ஏறி வருவது தெரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவன் சட்டென்று மூடிக்கொண்டான். உதவி கேட்கும் பொத்தானை அழுத்தினான். மற்ற நால்வர் திரையிலும் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியிருக்கும்; அது தொட்டிக்கு முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்று யாருக்குத் தெரியப் போகிறது. ஒருவரும் வரவில்லை. திரையில் பார்த்தால் கேப்டன் நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். தம்பி ஒருவனைச் சுட்டான். இரண்டாமவன் அவனைச் சுட்டான். விளையாட்டில் உயிர் பெற்று மறுபடி எழுந்து ஓடினான், மறுபடி காத்திருந்தான், மறுபடி விழுந்தான். அறையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான்காவது தடவை அவன் தொட்டிக்கே போகவில்லை. ஏதோ ஒரு சுவரைப் பார்த்தபடி சும்மா நின்றான். அவன் கழுத்து நரம்பு துடிப்பதைத் திட்டக்கா பார்த்தாள். போதும் விடுங்கள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் தம்பி காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“வாங்கினவங்க எழுதற மாதிரியே நீங்களும் ஒண்ணு எழுதுங்க” என்றார் சம்பந்தி அம்மாள்.

அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. தட்டிவிட்டு எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். திட்டக்காதான் படிக்க வேண்டியிருந்தது; அது அவள் வேலை. படித்தாள். “பார்க்க நல்லா இருக்கு. கூட யாரும் இருக்கற மாதிரியே தெரியல. பரவால்ல.”

“இதை எந்தக் கூடையில போடுவீங்க?”

“‘போயிட்டு வரேன்’ கூடையில.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“திட்டறவங்க திரும்ப வருவாங்க மேடம். இது திரும்ப வராது.”

சன்னலோரம் நின்றவன் தோள் குலுங்கியது. அக்கா அவன் பக்கத்தில் போகவில்லை. போனால் அவனுக்கு இன்னும் அவமானமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கேப்டன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

சம்பந்தி அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “நீங்க எழுதின பாராட்டையெல்லாம் எடுத்துடுங்க. கேள்வி கேட்டவருக்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதுங்க. நாளைக்குக் காலைல நான் அந்தப் பலகையைப் பார்ப்பேன். திட்டறதுக்காவது ஆளு மிச்சம் இருந்தா மேற்கொண்டு பேசலாம். எல்லாரும் பரவால்லன்னு போயிட்டா மூடிடுங்க. எனக்கும் அதுக்கு மேல வழியில்ல.” சொல்லிவிட்டு, கேப்டனின் சிரிப்புக்குக் காத்திராமல் மின்தூக்கிக்கு நடந்தார்.

திட்டக்கா தன் இடத்துக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். பின்னால் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள். தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் கழுவியிருந்தான்.

“பேரு வெச்சது நான்னு எழுது. பொய்யா முதல்ல எழுதினதும் நான்தான்னு எழுது.”

“எல்லாரும்தான்னு எழுதுங்க” என்றார் கேப்டன் பின்னாலிருந்து.

அவள் எழுதினாள். “ஒத்தக்கை அவர்களுக்கு. நீங்கள் தேடிய மாமியார் மூலை என்பது வடக்கே இருக்கும் உடைந்த தண்ணீர்த் தொட்டியின் பின்புறம். அது நாங்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். அந்தப் பாராட்டுகளை எழுதியது நாங்கள்தான். ஆளுக்கு ஒன்றிரண்டாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினோம். தப்பு. எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். இரண்டாம் நாளே நீங்கள் சொன்னதை இன்றைக்குத்தான் புரிந்துகொண்டோம்.” அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. கேப்டன் நகத்தைக் கடித்துத் துப்பினார். பிறகு ஒன்று வந்தது: “திருட்டுப் பயலுவளா.” நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அடுத்தது: “வெக்கமா இல்ல உங்களுக்கு? என் தம்பிகிட்ட வேற இதை வாங்கச் சொன்னேனே.” அதற்கப்புறம் மடை திறந்தது போல வந்து கொட்டியது. சோற்றைத் தின்கிறீர்களா வேறு எதையாவது தின்கிறீர்களா என்று கேட்டவர்கள்கூட உண்டு. திட்டக்கா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்தவர்கள் முகம் தெளிந்தது. சம்பளம் போட்ட நாளில்கூட அந்த மாடியில் இவ்வளவு நிம்மதியைப் பார்த்ததில்லை. நடுநடுவே ‘பரவால்ல’ என்றும் சில வந்தன. அவற்றை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. கூடையில் மட்டும் போட்டாள்.

ஒத்தக்கை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அந்த ஆளும் போய்விட்டாரோ என்று திட்டக்காவுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மற்ற எல்லோரும் இருந்து இவர் ஒருவர் போய்விட்டால்கூடத் தனக்கு ஆறாது என்று நினைத்தாள்.

அப்போது அந்தப் பெயர் திரையில் வந்தது. ஒரே வரி.

“சரி, மத்த இடத்துக்கெல்லாம் என்ன பேரு?”

 அவள் திரையைத் தம்பி பக்கம் திருப்பிவைத்தாள். அவன் படித்தான், இன்னொரு தடவை படித்தான். “நகருக்கா” என்று சொல்லி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடன்காரன் படியிலிருந்து எழுதத் தொடங்கினான். ஒன்று முடிவதற்குள் பின்னாலிருந்து அடுத்த பெயரைச் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒன்றைக் கத்தினார்கள். “பொக்கைவாய்ச் சந்தை விட்டுட்டியே” என்று எல்லோரையும் மீறி ஒரு குரல் கேட்டது. அது வாயே திறக்காத சத்தம்தான் என்று தெரிந்துகொள்ளத் திட்டக்கா திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.